பக்கத்து மேசைக் கூட்டம்

"மேடம், சேரை மட்டும் கொஞ்சம் முன்னால தள்ளிக்கிறீங்களா?" என்று அந்த மாணவன் இந்தியில், மரியாதையாகத்தான் கேட்டான். ஆசிரியர் அறையில் என் முதுகுக்கும் பக்கத்து மேசைக்கும் நடுவே ஓர் ஆள் நுழைய இடம் தேவைப்பட்டது. தள்ளிக்கொண்டேன். மேசை விளிம்பு வயிற்றில் இடித்தது. அவனுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசையாக நுழைந்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பக்கத்து மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தியின் பை என் தோளில் உரசிக்கொண்டே இருந்தது. நான் வருகைப் பதிவேட்டைப் பார்ப்பதுபோல் குனிந்திருந்தேன். ஒரு பெயர்கூட மனதில் ஏறவில்லை.

பொறாமை என்ற சொல்லை அன்றைக்கு எனக்குள்ளேகூட நான் சொல்லிக்கொள்ளவில்லை. காற்று வரவில்லை, அதனால்தான் எரிச்சல் என்று நினைத்துக்கொண்டேன்.

புனேயை அடுத்த சிஞ்ச்வட் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் இருபத்து மூன்று வருஷமாகக் கணக்கு நடத்துகிறேன். அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து தேஹு ரோடு ஆயுதக் கிடங்கில் வேலை பார்த்தவர். அந்த வரிசை வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளில் கல்லூரியில் பாடம் நடத்தப் போன முதல் பெண் நான்தான் என்று அம்மா இன்றைக்கும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். அதைக் கேட்டால் கூச்சப்படுவதுபோல் நடிப்பேனே தவிர, நிறுத்தச் சொன்னதில்லை.

மாலை நான்கு மணிக்கு வகுப்புகள் முடிந்ததும் என் மேசைக்கு முன்னால் கூட்டம் சேரும். "மேடம், ஏக் டவுட்" என்று ஆரம்பித்தால் ஒன்றோடு முடியாது. எழுந்து போய் ஒரு டீ குடிக்க முடியாது. "இதுங்களோட ஒரே ரோதனை" என்று அறையில் இருக்கும் மற்றவர்கள் காதில் விழும்படி அலுத்துக்கொள்வேன். அந்த அலுப்பில் எவ்வளவு பெருமை இருந்தது என்பது கூட்டம் நின்றுபோன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

ஒரே நாளில் நிற்கவில்லை. ஊரடங்கில் வீட்டுக்குள் உட்கார்ந்து லேப்டாப்பைப் பார்த்துப் பாடம் நடத்தினோம். திரையில் முகங்கள் இல்லை, வட்டங்களுக்குள் ஆங்கில எழுத்துகள் மட்டும் இருந்தன. "புரியுதா?" என்று கேட்டால் ஐந்து நிமிஷம் கழித்து ஒரு கட்டைவிரல் படம் வரும். கல்லூரி திறந்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நம்பினேன். திறந்தபோது வந்தவர்கள் வேறு பிள்ளைகள். நான் போர்டில் எழுதி முடிப்பதற்குள் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். எழுதி எடுத்துக்கொள்வதில்லை, படம் பிடிப்பதுதான். ஒருமுறை ஒரு பையன், "மேடம், கொஞ்சம் அந்தப் பக்கம் நகருங்க, கடைசி ரெண்டு வரி மறைக்குது" என்றான். நகர்ந்தேன். நான் ஒதுங்கி நின்ற இடத்திலிருந்து பார்த்தால் முப்பது போன்கள் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தன.

நான்கு மணிக்கு யாரும் வராமல் போன ஒரு வாரத்தில், என் ஏ டிவிஷனில் முதல் பெஞ்சில் உட்காரும் பெண்ணை வராந்தாவில் நிறுத்திக் கேட்டேன். கெட்டிக்காரப் பெண். மராட்டி வீட்டுப் பெண், அப்பா ஏதோ உதிரிபாகப் பட்டறையில் வேலை பார்க்கிறார்.

"இந்த யூனிட்டுல யாருக்குமே டவுட் வரலையா?"

"வந்தது மேடம். போன்ல கேட்டுக்கிட்டோம்."

"போன்ல யாரை?"

அவள் சிரித்தாள். "ஏஐ-கிட்ட மேடம். ஒரே கேள்வியைப் பத்து தடவை மாத்தி மாத்திக் கேட்டாலும் அது கோவிச்சுக்காது."

நான் கோவித்துக்கொள்வேன் என்று அவள் சொல்லவில்லை. ஆனாலும் அன்று முழுவதும் அந்த ஒரு வாக்கியம் என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. மூன்றாவது தடவை கேட்டால் நான் கோவித்துக்கொள்பவள்தான்.

இயந்திரத்தின் மேல் எவ்வளவு நாள் பொறாமைப்பட முடியும்? அதற்கு முகம் கிடையாது. எனக்கு ஒரு முகம் தேவைப்பட்டது போலும். அது பக்கத்து மேசைக்கு வந்தது.

முப்பத்திரண்டு வயதுப் பெண். மகர்பட்டாவில் ஐடி கம்பெனி வேலையை விட்டுவிட்டு, பாடம் நடத்தத்தான் பிடித்திருக்கிறது என்று எங்கள் துறையில் சேர்ந்தாள். அப்பா வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், திருச்சிப் பக்கத்துக்காரர். அவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் புனேதான். தமிழ் பேசுவாள், வாசிக்கத் தெரியாது. எங்கள் அறையில் தமிழ் பேச இரண்டு பேர்தான் என்பதால் முதல் நாளே என்னை அக்கா என்று கூப்பிட்டாள். மதியம் டப்பாக்களைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றாகச் சாப்பிடுவோம். என் புளிசாதத்தை அவள் பாதி காலி செய்வாள், அவள் ஜவ்வரிசியில் செய்து கொண்டுவரும் சாபுதானா கிச்சடியை நான் எடுத்துக்கொள்வேன். அவளைப் பிடிக்காமல் போயிருந்தால் எல்லாம் எளிதாக இருந்திருக்கும். எனக்கு அவளைப் பிடித்திருந்தது.

அவளுக்கு பி டிவிஷன் கொடுத்தார்கள். அவள் போர்டில் பாடம் நடத்துவதை ஒரு மாதத்திலேயே குறைத்துக்கொண்டாள். எட்டு நிமிஷம், பத்து நிமிஷம் வரும் வீடியோவாகப் பாடத்தைப் பேசி, முந்தின நாளே வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவாள். பார்த்துவிட்டு வரவேண்டும். வகுப்பில் கணக்குப் போடுவது மட்டும்தான். போனைப் பையில் வை என்று அவள் சொல்வதில்லை. "அதுகிட்டயும் கேளுங்க, அது எங்க தப்பு பண்ணுதுன்னு கண்டுபிடிங்க" என்பாளாம். அந்த வகுப்பிலிருந்து வரும் சத்தம் என் வகுப்புவரை கேட்கும். முதலில் சத்தம் என்று துறைத் தலைவரிடம் குறைப்பட்டுக்கொள்ள நினைத்தேன். காது கொடுத்துக் கேட்டபோது அவர்கள் கணக்கைப் பற்றித்தான் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். என் வகுப்பு அமைதியாக இருந்தது. அந்த அமைதியை நான் இத்தனை வருஷமாக ஒழுக்கம் என்று நினைத்திருந்தேன்.

பிறகு அந்தக் கூட்டம் அவள் மேசைக்கு வர ஆரம்பித்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் யாரையும் தேடி வருவதில்லை, எல்லாம் போன்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்த சமாதானமும் போயிற்று. அவர்கள் வருகிறார்கள். என்னிடம் வரவில்லை, அவ்வளவுதான்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் சொன்னாள்: "அக்கா, நான் உங்களுக்கும் வீடியோ லிங்க் அனுப்பறேன். டைம் கிடைச்சா பாத்துட்டு எப்படி இருக்கு சொல்லுங்க. மீன்ஸ், நிஜமா சொல்லணும். நீங்கதான் சீனியர்."

"அனுப்பு, பாக்கறேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவைப் பார்க்க லோக்கல் ரயிலில் தேஹு ரோடு போவேன். சிஞ்ச்வட்டிலிருந்து இரண்டாவது நிறுத்தம். ஒரு வீடியோ ஓடி முடிவதற்குள் இறங்க வேண்டும். ஜன்னலோரம் உட்கார்ந்து காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு பார்த்தேன். நன்றாக இருந்தது. அதுதான் தாங்கவில்லை. நான் இருபது நிமிஷம் சுற்றிச் சொல்வதை அவள் நான்கு வாக்கியத்தில் சொன்னாள். அவள் குரலில் அவசரமே இல்லை. அடுத்த ஞாயிறு இன்னொன்று, வார நாட்களில் சாயங்காலம் சமையலறையில் இன்னொன்று என்று எல்லாவற்றையும் பார்த்தேன். கற்றுக்கொள்ளப் பார்க்கவில்லை. குற்றம் தேடித்தான் பார்த்தேன்.

பதினோராவது வீடியோவில் கிடைத்தது.

கணக்குத் தெரியாதவர்களுக்கும் புரியும்படி சொல்கிறேன். ஒரு வளைகோட்டுக்கும் ஒரு சாய்ந்த கோட்டுக்கும் நடுவே அடைபட்ட ஓர் இடம். அதைச் செங்குத்தாக நறுக்கி நறுக்கிக் கூட்டலாம், படுக்கைவாட்டிலும் நறுக்கிக் கூட்டலாம். படுக்கைவாட்டில் நறுக்கும்போது ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் எல்லைக்கோடு மாறிவிடும். அதனால் கீழ்ப்பகுதியைத் தனியாகவும் மேல்பகுதியைத் தனியாகவும் செய்து இரண்டையும் சேர்க்க வேண்டும். அவள் படத்தைச் சரியாக வரைந்திருந்தாள். வீடியோவின் கடைசியில், நேரமாகிவிட்டது போலும், கீழ்ப்பகுதியோடு நிறுத்திவிட்டு விடையைக் கட்டம் கட்டினாள். எட்டில் மூன்று என்று வரவேண்டிய விடை, ஆறில் ஒன்று என்று திரையில் நின்றது.

நான் அதை நிறுத்தி, பின்னால் இழுத்து, மறுபடி பார்த்தேன். நோட்டில் போட்டுச் சரிபார்த்தேன். தப்புதான். அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றேன். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை எழுத இப்போதும் கை கூசுகிறது. பல மாதமாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கின மாதிரி இருந்தது. அன்றைக்கு வீட்டில் எல்லாரிடமும் கலகலப்பாகப் பேசினேன்.

மறுநாள் மதியம் அவள் கேட்டாள். "அக்கா, ஏதாவது ஒண்ணு பாத்தீங்களா?"

"எங்கடி நேரம்? பேப்பர் திருத்தவே சரியா இருக்கு" என்றேன். புளிசாதத்தை அவள் பக்கம் நகர்த்தினேன்.

அந்த வாரமே துறைத் தலைவர் யூனிட் டெஸ்டுக்கு வினாத்தாள் போடும் வேலையை என்னிடம் கொடுத்தார். இரண்டு டிவிஷனுக்கும் ஒரே தாள். நான்காவது கேள்வியாக அந்தக் கணக்கை வைத்தேன். எண்களைக்கூட மாற்றவில்லை. மாற்றியிருந்தால் பிள்ளைகள் புதிதாக யோசித்திருப்பார்கள். மாற்றாமல் விட்டால் வீடியோவில் பார்த்ததை அப்படியே எழுதுவார்கள். பி டிவிஷன் முழுக்க ஆறில் ஒன்று என்று எழுதும், விடைத்தாள்கள் துறைத் தலைவர் மேசைக்குப் போகும், யாராவது ஏன் என்று கேட்பார்கள், நான் ஒன்றும் சொல்ல வேண்டியதே இல்லை. இவ்வளவையும் யோசித்துத்தான் வைத்தேன். பாடத்திட்டத்தில் உள்ள கணக்குதானே, வழக்கமாகக் கேட்கிறதுதானே என்று எனக்கு நானே ஒரு பதிலும் தயார் செய்து வைத்திருந்தேன்.

டெஸ்ட் முடிந்தது. என் வகுப்பின் தாள்களை நான் திருத்த உட்கார்ந்தேன். முதல் தாளில் நான்காவது கேள்விக்கு ஆறில் ஒன்று. அவசரத்தில் தப்பு என்று தாண்டிப் போனேன். மூன்றாவது தாளிலும் ஆறில் ஒன்று. ஐந்தாவதில், ஆறாவதில். ஏழாவது தாளில் படம்கூட அவள் வரைகிற மாதிரியே இருந்தது. மூலையில் சின்ன அம்புக்குறி போட்டு, நறுக்குத் துண்டை மெல்லிய கோடுகளால் நிரப்பி. நான் அப்படி வரைவதில்லை. என் பிள்ளைகளுக்கு நான் அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை.

தாள்களை வேகமாகப் புரட்டினேன். பாதி வகுப்புக்கு மேல் அதே விடை. முதல் பெஞ்சுப் பெண்ணின் தாளை எடுத்துப் பார்த்தேன். ஆறில் ஒன்று, கட்டம் கட்டி.

என் வகுப்பில் அமைதியாக உட்கார்ந்து, போர்டைப் படம் பிடித்துக்கொண்டு போன பிள்ளைகள், வீட்டுக்குப் போய் அவளிடம்தான் பாடம் கேட்டிருக்கிறார்கள். என்னிடம் படிப்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்தவர்கள். அந்த நிமிஷத்தில் என் தப்பு எனக்கு உறைக்கவில்லை, உண்மையைச் சொல்ல வேண்டும். பொறாமைதான் இன்னும் ஒரு படி ஏறியது. இதுங்களும் அங்கேதானா என்று.

பக்கத்து மேசையில் பி டிவிஷன் தாள்கள் கட்டாக இருந்தன. அவள் வகுப்புக்குப் போயிருந்தாள். எடுத்துப் பிரித்தேன். முதல் தாளில் படம் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. கீழே ஒரு விடை, மேலே ஒரு விடை, இரண்டையும் கூட்டி எட்டில் மூன்று. அடுத்ததிலும் எட்டில் மூன்று. கட்டு முழுக்க, ஏழெட்டுப் பேரைத் தவிர, சரியாக எழுதியிருந்தார்கள்.

நான் அந்தக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது அவள் உள்ளே வந்தாள். நான் எதையாவது சொல்லிச் சமாளிப்பதற்குள் அவளே ஆரம்பித்துவிட்டாள்.

"அக்கா! நீங்க வீடியோ பாத்திருக்கீங்க! நாலாவது கொஸ்டின் என்னோடது! அதே நம்பர்ஸ்! பாக்கலை பாக்கலைன்னு சொல்லிட்டு..." அவள் முகம் மலர்ந்து போயிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். "டெஸ்ட்ல போடற அளவுக்குப் பிடிச்சுதா?"

அவள் பேசிக்கொண்டே போனாள்.

"அதுல நான் பெரிய தப்பு பண்ணிட்டேன், தெரியுமா? அடுத்த நாளே ஒரு பையன் எழுந்து, மேடம் போன் எட்டில் மூணு சொல்லுது, நீங்க ஆறில் ஒண்ணு சொல்றீங்க, யார் கரெக்ட்னு கேட்டான். எனக்கு ஒரு நிமிஷம் கை கால் ஓடல. அப்பறம் நினைச்சேன், சரி, இதையே கிளாஸ் ஆக்கிடலாம். ஒரு மணி நேரம் சண்டை போட்டாங்க அக்கா. மேல இருக்கற துண்டை விட்டுட்டேன்னு அவங்களே கண்டுபிடிச்சாங்க. வீடியோவை டெலீட் பண்ண வேண்டாம், அப்படியே இருக்கட்டும்னு அவங்கதான் சொன்னாங்க." பிறகு என் மேசைமேல் விரிந்து கிடந்த தாள்களைப் பார்த்தாள். சிரிப்பு மெதுவாக நின்றது. "இது ஏ டிவிஷனா? அரே, இவங்க எதுக்கு ஆறில் ஒண்ணு... இவங்களும் பாக்கறாங்களா? எனக்குத் தெரியாது அக்கா, ப்ராமிஸ். எனக்குத் தெரிஞ்சிருந்தா கரெக்ஷன் போட்டிருப்பேன். என்னால உங்க பசங்க மார்க் போச்சு. சாரி அக்கா."

அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். "பரவாயில்ல, விடு" என்றேன். அவளை மன்னிக்கிற மாதிரி.

சாயங்காலம் முதல் பெஞ்சுப் பெண் வந்தாள். என் மேசைக்கு ரொம்ப நாள் கழித்து வந்த முதல் ஆள். பக்கத்து மேசை காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"மேடம், நாங்க அந்த வீடியோ பாத்தோம். பி டிவிஷன்ல ஃப்ரெண்ட் அனுப்பினா. உங்ககிட்ட கேக்காம பாத்தது தப்புதான். அதனாலதான் தப்பா எழுதிட்டோம். சாரி மேடம். இனிமே நீங்க சொல்றது மட்டும் படிக்கிறோம்."

அவள் கண் கலங்கியிருந்தது. மார்க்குக்காக இல்லை. எனக்குத் துரோகம் செய்துவிட்டதாக அந்தப் பெண் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரே நாளில் இரண்டு பேர் என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டார்கள். கேட்க வேண்டியவள் நான் ஒருத்திதான்.

"நீ ஒரு தப்பும் பண்ணலம்மா. கேள்வியை அப்படி வெச்சது நான்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. போகச் சொன்னேன்.

மறுநாள் காலையில் துறைத் தலைவரிடம் போனேன். நான்காவது கேள்வியை என் வகுப்புக்கு மட்டும் ரத்து செய்துவிட்டு, அதற்குப் பதிலாக வேறொரு கேள்வி எழுத வைக்கிறேன் என்றேன். அவர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கேள்வி சரியாத்தானே இருக்கு? எதுக்கு ரத்து?" என்றார். ஒரு வீடியோவில் தப்பு இருந்தது தெரிந்தே வைத்தேன் என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு மாட்டிக்கொண்டு, "சரி, செஞ்சுக்கோங்க. இதை இங்கேயே விட்டுடலாம்" என்றார். அவ்வளவுதான். எனக்கு ஒரு தண்டனையும் இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது.

அவளிடம் சொன்னது அன்று மதியம், டப்பாக்களைத் திறக்கும் முன்பு. எப்படி ஆரம்பித்தேன் என்று நினைவில்லை. தப்பு இருந்தது எனக்கு முன்பே தெரியும் என்றேன். பார்க்கவில்லை என்றது பொய் என்றேன். உன் பிள்ளைகள் தப்பாக எழுத வேண்டும் என்றுதான் எண்ணை மாற்றாமல் வைத்தேன் என்றேன்.

அவள் டப்பாவின் மூடியிலிருந்து கையை எடுத்தாள்.

"எப்போ பாத்தீங்க?"

"டெஸ்டுக்குப் பத்து நாள் இருக்கும்."

"பத்து நாளும் நாம இங்க ஒண்ணா சாப்பிட்டோம்."

"ஆமாம்."

"ஏன்?"

அந்த ஒரு சொல்லுக்கு என்னிடம் நீளமான பதில் ஒன்று இருந்தது. இருபத்து மூன்று வருஷம், நான்கு மணிக் கூட்டம், திரையில் வட்டங்கள், நகரச் சொன்ன பையன் எல்லாம் அதில் இருந்தன. எதையும் சொல்லவில்லை. "உன்மேல பொறாம" என்றேன். தமிழில் அந்தச் சொல் அவளுக்குத் தெரியுமா என்றுகூட எனக்குச் சந்தேகம் வந்தது. தெரிந்திருந்தது. அவள் டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

அதற்கப்புறம் அவள் என்னை மேடம் என்று கூப்பிட்டாள். கோபமாக இல்லை, எல்லாரையும் கூப்பிடுவதுபோல. காலையில் குட் மார்னிங் சொல்வாள். கையெழுத்து வாங்க வேண்டிய தாள்களில் வாங்கிக்கொள்வாள். மதியம் கேன்டீனுக்குப் போய்விடுவாள். யாரிடமும் அவள் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் யாரும் என்னை வேறு மாதிரிப் பார்க்கவில்லை. அதிலும் அவள்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. நானாக இருந்தால் நான்கு பேரிடம் சொல்லியிருப்பேன்.

என் வகுப்பிடமும் சொன்னேன். முழுவதும் சொல்லத் தைரியமில்லை. கேள்வி நேர்மையாக வைக்கப்படவில்லை, தப்பு என்னுடையது, வீடியோ பார்த்ததில் எந்தக் குற்றமும் இல்லை, தாராளமாகப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின் பெஞ்சில் ஒருவன், "அப்போ குரூப்ல எங்களையும் சேர்க்கச் சொல்லுவீங்களா மேடம்?" என்றான். சுருக்கென்று இருந்தது. கேட்கிறேன் என்றேன்.

கேட்கப் போனபோது கூடவே இன்னொன்றையும் கேட்டேன். உன் வகுப்பில் ஒருநாள் பின்னால் உட்கார்ந்து பார்க்கலாமா என்று. தப்புத் தேடவா என்று கேட்க நினைத்திருப்பாள், நியாயம்தான். "குரூப்ல சேத்துக்கறேன். நீங்களும் உக்காருங்க மேடம்" என்றாள் கடைசியில்.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். ரகசியம் வீடியோவில் இருக்கிறது, போனில் இருக்கிறது என்று அதுவரை நம்பியிருந்தேன். என் வயதில் அதையெல்லாம் கற்றுக்கொள்ள முடியாமல்தான் தோற்றுப்போனேன் என்பதில் ஓர் ஆறுதலும் இருந்தது. அவள் போர்டில் ஒரு கணக்கை எழுதினாள். ஒரு பையனைக் கூப்பிட்டாள். அவன் வந்து நின்றான். முதல் வரி எழுதினான், நின்றுவிட்டான். நானாக இருந்தால் அந்த இடத்தில் சாக்பீஸை வாங்கி அடுத்த வரியை எழுதியிருப்பேன். அவள் எழுதவில்லை. ஜன்னல் பக்கம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவன் அழித்தான். மறுபடி எழுதினான். யாரோ சிரித்தார்கள், அவள் திரும்பிப் பார்த்ததும் நிறுத்தினார்கள். எனக்குக் கால் குறுகுறுத்தது, எழுந்து போய்ச் சொல்லிவிடலாமா என்று. ஒரு நிமிஷமாவது ஆகியிருக்கும். வகுப்பில் ஒரு நிமிஷ மௌனம் என்பது எவ்வளவு நீளம் என்று பாடம் நடத்துகிறவர்களுக்குத் தெரியும். அதற்கப்புறம் அவன், "அச்சா, இங்க பிரிக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுத ஆரம்பித்தான்.

அவள் ஜன்னலோரத்திலிருந்து நகரவே இல்லை.

போனும் வீடியோவும் அவளுக்கு நேரத்தை மிச்சப்படுத்திக் கொடுத்தன. அந்த நேரத்தை அவள் சும்மா நிற்பதற்குச் செலவழித்தாள். எனக்கு வராதது அந்தச் சும்மா நிற்பதுதான். முன்பும் வந்ததில்லை. நான்கு மணிக்கு என் மேசைக்கு வந்த கூட்டம், வகுப்பில் யோசிக்க நான் இடம் கொடுக்காததால் வந்த கூட்டமோ என்று அந்தக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து முதல்முறையாகத் தோன்றியது. அந்த எண்ணத்தை இன்னும் என்னால் முழுக்க ஏற்றுக்கொள்ள முடியவில்லை. சில நாள் ஆமாம் என்று தோன்றுகிறது, சில நாள் இல்லை.

பொறாமை போய்விட்டதா என்றால், போகவில்லை. முன்பு அவளுக்கு வந்த கூட்டத்தைப் பார்த்து வந்தது, இப்போது அவள் பொறுமையைப் பார்த்து வருகிறது. ஆனால் இதை வைத்துக்கொண்டு ஏதாவது செய்ய முடிகிறது.

அடுத்த வாரம் என் வகுப்பில் ஒரு கணக்கை எழுதிவிட்டு, பின் பெஞ்சுப் பையனைக் கூப்பிட்டு சாக்பீஸைக் கொடுத்தேன். அவன் விழித்தான். நான் மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பத்து எண்ணினேன், இருபது எண்ணினேன். மேடத்துக்கு மறந்துபோய்விட்டது என்று நினைத்து ஒரு பெண் விடையைச் சொல்லி எனக்கு உதவப் பார்த்தாள். கையைக் காட்டி நிறுத்தினேன். முப்பது. அவன் எழுதினான், தப்பாக எழுதினான். நான் வாயைத் திறக்கவில்லை. நடு வரிசையிலிருந்து ஒருவன், "டேய், மைனஸ்" என்றான். இன்னொருத்தி மைனஸ் இல்லை என்றாள். இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். யாரோ போனை எடுத்தார்கள், எடுக்கட்டும் என்று விட்டேன். கொஞ்ச நேரத்தில் எல்லாரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்த வகுப்பிலிருந்து யாராவது வந்து சத்தம் என்று சொல்லப்போகிறார்கள் என்று பயமாக இருந்தது. மணி அடிக்கும்வரை அந்தக் கணக்கு முடியவில்லை. முடிக்காமலே அவர்கள் பேசிக்கொண்டே வெளியே போனார்கள். ஒருவர்கூடப் போர்டைப் படம் பிடிக்கவில்லை. பிடிக்கும்படி நான் அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.